தானமும் உறுதியும்: மாத்தளை மலைச்சாரலில் கோயில் நிலம்

மலையகத்துக் கோயில்களையும் தேவாலயங்களையும் பற்றி எழுதப்படுவனவற்றிற் பெரும்பாலானவை அவை எப்பொழுது எழுந்தன, யார் கட்டினர், எவ்விழாக்கள் நிகழ்கின்றன என்பவற்றைக் கூறி அமைவன. கோயில் நிற்கும் நிலம் யாருடையது, அது எவ்வழியாகக் கோயிலை வந்தடைந்தது என்னும் வினா அவற்றுள் அரிதாகவே எழுகின்றது. கட்டடத்தைக் காணும் கண்ணுக்கு நிலம் புலப்படுவதில்லை. ஆயின், பெருந்தோட்டப் பொருளாதாரம் நிலவுடைமை உறவுகளைத் தலைகீழாக மாற்றிய ஒரு பிரதேசத்தில் இவ்வினாவைத் தவிர்த்துச் சமய வரலாற்றை எழுதுதல் இயலாது. மாத்தளை நகருக்குக் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில் அமைந்த எல்கடுவவையும் அதன் சுற்றுப்புறத்தையும் மையமாகக் கொண்டு இவ்வினாவை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலக்கொடை என்பது தென்னாசிய மரபில் மிகப் பழையது. தேவானம்பிய தீசன் மகாமேகவனத்தைப் பொற்கெண்டியால் நீர் வார்த்து மகிந்த தேரருக்கு அளித்தான் என்று மகாவம்சம் கூறும். சோழர் கல்வெட்டுக்களிலும் நீர் வார்த்துக் கொடுக்கும் இச்சடங்கே வருகின்றது. தேவதானம், பிரமதேயம், பள்ளிச்சந்தம் எனக் கொடை பெறுவோருக்கேற்பப் பெயர் மாறினும் வினை மாறுவதில்லை. கண்டி இராச்சியத்திலும் விகாரைக்கு உரியது விகாரகம, தெய்வக் கோயிலுக்கு உரியது தேவாலகம எனப்பட்டது. அரசன் அளித்த சன்னசு அதற்குச் சான்று.

இக்கொடைகளில் உண்மையிற் கைமாறியது எது? மண் அன்று. மண்ணின் விளைச்சலில் அரசனுக்குரிய பங்கும், அம்மண்ணில் வாழ்ந்தோர் ஆற்றவேண்டிய ஊழியமுமே கைமாறின. உழுதவன் உழுத இடத்திலேயே இருந்தான். முன்பு அரண்மனைக்குச் செய்த வேலையை இனி விகாரைக்குச் செய்தான். பறை அடிப்பவனும் விளக்கேற்றுபவனும் துணி வெளுப்பவனும் தத்தம் சாதிக்கு விதிக்கப்பட்ட பணியைச் செய்து, அதற்கீடாகத் தத்தம் துண்டு நிலத்தை அனுபவித்தனர். இதனைப் பொற்காலமெனப் போற்றுவோர் இன்றும் உளர். அது சாதி அடிப்படையிலமைந்த நிலப்பிரபுத்துவச் சுரண்டலே. எனினும் அச்சுரண்டல் குடியானவனை நிலத்தோடு பிணைத்தது, நிலத்தினின்றும் பெயர்த்தெறியவில்லை. இவ்வேறுபாடு பின்வருவனவற்றை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1830களில், கோல்புறூக்–கமறன் சீர்திருத்தங்களின் வழியே, இராசகாரியம் ஒழிக்கப்பட்டது; விகாரை நிலங்களில் மட்டும் ஊழியம் தொடர்ந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உறுதியான அடியை வைத்தது. காடு, தரிசு, குடியிராத நிலம், பயிரிடப்படாத நிலம் யாவும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியன எனக் கொள்ளப்படும் என்று அது விதித்தது. ஆண்டுகள் சில இடைவிட்டுப் பயிரிடப்படும் சேனை நிலம் கண்டிப் பிரதேசத்தில் காடாகவே கருதப்படலாயிற்று. சன்னசு காட்டு, அல்லது வரி செலுத்திய சான்று காட்டு என்றது சட்டம். ஊர்ப் பொதுவாக வழிவழி வந்த சேனைக்கு யார் ஓலை எழுதிவைத்தார்? வயல் தப்பியது, மேட்டு நிலம் போயிற்று. பள்ளத்தில் வயலும் சரிவிற் சேனையும் மேலே காடுமாக இயைந்திருந்த ஒரு வாழ்க்கையமைப்பின் மேற்பாதி ஒரே சட்டத்தால் வெட்டி எடுக்கப்பட்டது.

வெட்டி எடுக்கப்பட்டதை வாங்கியோர் யார் என்பதும் நோக்கற்பாலது. ஏக்கர் ஐந்து சிலிங் என்ற அடிவிலையில் நிலம் விற்கப்பட்ட அக்காலத்தில், தேசாதிபதி ஸ்ரூவேட் மக்கென்சி தொடக்கம் நீதிபதிகள், படை அதிகாரிகள், சிவில் சேவையாளர் வரை காணி வாங்கினர். சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட தமது நூலில், அவ்வரிசையிற் குருமாரும் அடங்குவர் எனக் குறிப்பிடத் தவறவில்லை. சட்டம் இயற்றியவரும் அதனைச் செயற்படுத்தியவரும் அதன் கீழ் நிலம் வாங்கியவரும், அச்செயலுக்குக் கடவுளின் ஆசியை வேண்டியவரும் ஒரே வட்டத்தினர்! மகாவம்சத்தை 1837இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜோர்ஜ் டேர்னரும் நிலம் வாங்கிய அதிகாரிகளுள் ஒருவர். அரசன் நீர் வார்த்து நிலம் அளித்த கதையை மொழிபெயர்த்த கைக்கு, முடியிடமிருந்து நிலம் வாங்கும் உறுதியில் ஒப்பமிடுவதில் முரண்பாடு எதுவும் தோன்றியிராது. 1844இல் அடிவிலை இருபது சிலிங்காக உயர்ந்தது. அதனையடுத்து அரச ஊழியர் தோட்டம் வைத்திருத்தலும் தடுக்கப்பட்டது. அதற்குள் வேண்டுவோர் வேண்டியதைப் பெற்றுவிட்டனர்.

இத்தகைய எல்லைப்புற நிலம் உலகில் மாத்தளையில் மட்டும் உருவாகவில்லை. வட அமெரிக்காவில் ஒகையோ ஆற்றுக்கு அப்பாலிருந்த நிலம் இதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே இவ்வாறு அளந்து விற்கப்பட்டது. 1785ஆம் ஆண்டின் நிலக் கட்டளைச் சட்டம் அப்பிரதேசத்தை ஆறு மைல் சதுர நகரப் பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 கூறுகளாகப் பிரித்தது. 16ஆம் கூறு பாடசாலைக்கு ஒதுக்கப்பட்டது. சமயத்துக்கும் ஒரு கூறு ஒதுக்கவேண்டும் என்ற முன்மொழிவு அப்பொழுது காங்கிரசில் தோற்றது. ஆயின் 1787இல், மனாசே கட்லர் என்னும் போதகர் ஒகையோக் கம்பனியின் சார்பிற் பேரம் பேசியபொழுது, 29ஆம் கூறு சமயத்துக்கென எழுதப்பட்டுவிட்டது. கொள்கையளவில் மறுக்கப்பட்டது காணி வியாபாரத்தில் நிறைவேறியது. குடியேறுவோரைக் கவர்வதற்குத் தேவாலய நிலம் ஒரு முதலீடு. தேவாலயம் வந்தால் குடும்பங்கள் வரும், குடும்பங்கள் வந்தால் அயல் நிலத்தின் விலை ஏறும். கனடாவில் 1791ஆம் ஆண்டுச் சட்டம் ஏழில் ஒரு பங்கைப் புரட்டஸ்தாந்துக் குருமாருக்கென ஒதுக்கியது. அது 1854 வரை நீங்காத அரசியற் பூசலுக்குக் காரணமாயிற்று.

அந்த 1785ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. மஸ்கிங்கம் ஆற்றங்கரையில் மொறேவியன் சபையைச் சார்ந்த சுதேசக் கிறித்தவர் வாழ்ந்த மூன்று ஊர்களும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான னாடன்ஹூற்றனில், மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1782 மார்ச்சு 8ஆம் நாள், பென்சில்வேனியக் குடிப்படையினர் 96 பேரைக் கொன்றிருந்தனர். கொல்லப்பட்டோர் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஆயுதம் ஏந்தாதவர்கள். எல்லைப்புறத்திற் கிறித்தவம் நிலத்துக்கு உரிமை தரவில்லை. நிலத்துக்கு உரிமை பெற்றவனே தேவாலயத்துக்குக் கொடை தரும் தகுதியுடைய கிறித்தவன் ஆனான்.

இவ்விடத்தில் அமெரிக்காவும் மாத்தளையும் பிரிகின்றன. ஒகையோவில் மரத்தை வெட்டியவனே பெரும்பாலும் நிலத்துக்கு உரியவனாகவும் ஆனான். ஓரிரு ஏக்கரைப் பிரார்த்தனை மண்டபத்துக்கும் இடுகாட்டுக்குமென அவனே எழுதிக்கொடுக்க முடிந்தது. மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதற்பாகத்து இறுதி அத்தியாயத்தில் எடுத்துக்கொண்ட பிரச்சினை இதுவே: குடியேற்ற நாட்டில் உழைப்பாளிக்கு நிலம் எளிதிற் கிட்டுமாயின் அவன் கூலியாளாக நிலைத்திரான், ஆகவே நிலத்துக்குச் செயற்கையாக விலை ஏற்றவேண்டும் என்பது வேக்பீல்டின் போதனை. இலங்கை மலைநாட்டில் அக்கவலை எழவே இல்லை. இங்கே காட்டை அழித்தவன் தலைமன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்தவன், கங்காணியிடம் கடன்பட்டவன், நாட்கூலி சில பென்சுக்கு உழைத்தவன். ஏக்கர் ஐந்து சிலிங்கென்ன, இருபது சிலிங்கென்ன, அவனுக்கு இரண்டும் ஒன்றே.

மாத்தளை அந்த வடபாதை மலைநாட்டைத் தொடும் வாயில். அங்கு ஆறாண்டு இடைவெளியில் நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

முதலாவது, 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி. யூலை 26இல் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா முடிசூட்டப்பட்டான். கிளர்ச்சியாளர் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கி வரிப் பதிவேடுகளை அழித்தனர். ஆகஸ்டு 8இல் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். சீவர உடையுடனேயே ஒரு பிக்குவும் சுடப்பட்டார். புதிய வரிகளே உடனடிக் காரணமெனினும், நிலமிழந்த ஊர்களின் சினம் அடியில் இருந்தது. ஆட்சியின் ஏடுகளையே கிளர்ச்சியாளர் அழிக்கத் தேடினர் என்பது தற்செயலன்று. அவர்களின் எதிரி ஏட்டிலேயே குடியிருந்தான்.

இரண்டாவது, 1852. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் நிலம் அவ்வாண்டில் அதன் உரிமையாளரால் நன்கொடையாக வழங்கப்பட்டது என்பது கோயில் வரலாறு. மரத்தடியில் வைத்து வணங்கப்பட்ட அம்மனுக்கு நிலம் கிடைத்தது. அந்நிலம் முன்பு வயல் என்ற செய்தி ஈண்டு மிக முக்கியமானது. 1840ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் தப்பிய நிலவகை வயலே என்று மேலே கண்டோம். தனியொருவர் தம்முடையது என்று கொண்டு தானமாகக் கொடுக்கக்கூடிய நிலமாக அன்று எஞ்சியிருந்ததில் வயல் முதன்மையானது. 1874இல், நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் ஆதரவோடு, அங்கே கோயில் எழுந்தது. வணிக, வட்டி மூலதனம் நகரத்திற் கோயிலாக உருப்பெறும் முறைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அம்மை நோயின் தெய்வத்தை, வாந்திபேதியும் அம்மையும் வழியெங்கும் மனிதரைப் பலிகொண்ட ஒரு பாதையின் முடிவில் நிறுவியதன் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, 1854. கண்டிப் பகுதித் தோட்டத்துரைமார் சிலரின் முயற்சியில், சேர்ச் மிஷனரிச் சங்கத்தின் துணையோடு, தமிழ்க் கூலி மிஷன் தோன்றியது. 'கூலி' என்னும் சொல் பிற்காலத்தில் அப்பெயரிலிருந்து அகன்றது. தொடக்கத்தில் அது எவருக்கும் உறுத்தவில்லை. உபதேசியார்கள் திருநெல்வேலித் திருச்சபையிலிருந்து வரவழைக்கப்பட்டனர். அவர்களுக்கான செலவைத் துரைமார் திரட்டிய நன்கொடையே பெரிதும் தாங்கியது.

திருநெல்வேலி என்பதை இங்கே சற்று நின்று நோக்கவேண்டும். தென்தமிழகத்தில் கிறித்தவம் பரவியபொழுது நிலமே மையப் பிரச்சினையாயிற்று. மதம் மாறிய நாடார் குடும்பங்கள் நிலவுடைமையாளரின் கொடுமைக்கு ஆளானமையால், அவர்களுக்கெனத் தனி நிலம் வாங்கி ஊர் அமைக்கப்பட்டது. 1799இல் டேவிட் சுந்தரானந்தம் என்னும் உபதேசியாரின் முயற்சியில் உருவான முதலூர் அத்தகையது. 1827இல் றேனியஸ் அமைத்த டோனாவூர், பணம் உதவிய பிரசியப் பிரபு டோனாவின் பெயரைத் தாங்கியது. கொடையாளன் தொலைவிலிருந்த ஜெர்மானியன். கொடையின் பயனை நுகர்ந்தவன் பனையேறி. அவ்வூர்களிலும் மிஷன் அதிகாரம் கடுமையாகவே இருந்தது. புதிய சாதிப் பெருமிதங்களும் அங்கு முளைத்தன. ஆயினும், வழிபாட்டு மண்டபத்தைச் சுற்றி வழிபடுவோரின் குடியிருப்பும் எழுந்தது. சமயம் மாறியவனுக்குக் காலூன்ற ஒரு நிலம் கிடைத்தது.

அதே திருச்சபையின் உபதேசியார் எல்கடுவ போன்ற மலைத்தோட்டங்களுக்கு வந்தபொழுது முதலூர் போன்ற ஓர் ஊர் ஏன் உருவாகவில்லை? மிஷனரிகளின் ஊக்கக் குறைவு இதற்கு விடையன்று. அவர்களிற் பலர் தன்னலமற்று உழைத்தவர்கள். எழுத்தறிவின் முதல் ஒளி பல தோட்டங்களுக்கு உபதேசியாரின் கையாலேயே வந்தது என்பதை மறுப்பது நன்றி கொல்வதாகும். விடை பொருளாதார அடித்தளத்தில் உள்ளது. திருநெல்வேலியில் மிஷன் நிலவுடைமையாளனுக்கு எதிரே நின்றது. மலைநாட்டில் நிலவுடைமையாளனே மிஷனின் புரவலன். தொழிலாளிக்குத் தோட்டத்தினுள்ளே அல்லது அருகிலே சொந்த நிலம் கிடைக்குமாயின், பிரட்டுக்களத்திற் காலை எத்தனை பேர் நிற்பர் என்ற கணக்கு எந்தத் துரைக்கும் தெரியும். ஆகவே உபதேசியார் தோட்டந் தோட்டமாக நடந்தார். கோப்பிக் களஞ்சியத்திலும் லயத்து முன்றிலிலும் செபம் நடந்தது. சொல் வந்தது, நிலம் வரவில்லை.

துரைமார் தமக்கென எழுப்பிய தேவாலயங்கள் வேறு. டிக்கோயாவில் 1878ஆம் ஆண்டைச் சார்ந்த வோர்லி தேவாலயம் போன்ற அழகிய கற்கட்டடங்கள் இன்றும் தேயிலை மலைகளின் நடுவே நிற்கின்றன. பொகவந்தலாவை சென்ற் மேரிஸ் தேவாலய முற்றத்தில், புகைப்படக் கலைஞர் யூலியா மார்கரெற் கமறனும் அவர் கணவர் சார்ள்ஸ் ஹே கமறனும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். இராசகாரியத்தை ஒழிக்கப் பரிந்துரைத்த ஆணைக்குழுவின் அதே கமறனே இவர். பின்னர் இலங்கையிற் பெருந்தோட்ட உரிமையாளரானவர். சீர்திருத்தவாதி தாம் சீர்திருத்திய மண்ணின் உடைமையாளராகி அம்மண்ணிலேயே கல்லறை பெற்றார். கல்லறையிற் பெயர் உண்டு. தேயிலை மலைகளில் அடக்கமான தொழிலாளர் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. இக்குருமாருக்கும் தேவாலயங்களுக்கும் நெடுங்காலம் குடியேற்ற அரசின் வருவாயிலிருந்தே மானியம் சென்றது. 1881இலேதான் அதனை நிறுத்தத் தீர்மானிக்கப்பட்டது. அவ்வருவாயில் நெல் வரியும் இறக்குமதி அரிசி மீதான தீர்வையும் அடங்கும். ஆகவே, சிங்களக் குடியானவனும் தமிழ்த் தொழிலாளியும் தாம் அறியாமலே அங்கிலிக்கன் திருச்சபைக்கு நன்கொடையாளர்கள்!

தேயிலைக் காலம் வேறொரு நிலைமையைத் தோற்றுவித்தது. 1869இற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. கோப்பிக்காலத் தொழிலாளி பருவத்துக்கு வந்து மீண்டவன். தேயிலை ஆண்டு முழுவதும் கை கேட்கும் பயிர். லயம் நிரந்தரமாயிற்று. நிரந்தரமான மக்களுக்குத் தெய்வமும் நிரந்தரமாயிற்று. மாரியம்மன், மாடசாமி, முனியாண்டி ஆகியோரோடு, மலையக நாட்டாரியல் ஆய்வாளர் எடுத்துக்காட்டும் கவ்வாத்துச்சாமியும் ரோதைமுனியும் தோன்றினர். கவ்வாத்து வெட்டுக்கும் தொழிற்சாலை ரோதைக்கும் தெய்வம் கண்ட மக்கள் இவர்கள். உழைப்புக் கருவியே தெய்வமாகும் இந்நிகழ்வு, சமயம் உற்பத்தி வாழ்விலிருந்து முளைப்பதை நூல் உதாரணங்களிலும் தெளிவாகக் காட்டுகின்றது. மாசி மாதத்தில் காமன் நடப்படும் திடலும் அவ்வாறே ஆண்டுதோறும் உரிமையின்றி உரிமையாக்கப்படும் இடம்.

இக்கோயில்களுக்கு நிலத்தைக் கொடுத்தவர் யார்? சொற்பொருளின்படி எவரும் கொடுக்கவில்லை. துரை அனுமதித்தார். அனுமதி வேறு, தானம் வேறு. தானம் கொடுத்தவனைக் கட்டுப்படுத்தும். அனுமதி பெற்றவனைக் கட்டுப்படுத்தும். திருவிழாவுக்குத் துரை வருவார், மாலை சூட்டப்படுவார், முதல் மரியாதை பெறுவார். பெரிய கங்காணி கோபுரத்துக்குப் பணம் கொடுத்துப் பெயர் பொறிப்பார். தொழிலாளியின் பங்கோ சம்பளத்திற் பிடிக்கப்படும். நீர் வார்த்து நிலம் அளித்த அரசனுக்குரிய புகழ், ஓரங்குலமும் எழுதிக்கொடாத துரைக்குக் கிடைத்தது.

விகாரைகளுக்கு நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடலாம். 1856இன் 10ஆம் இலக்கச் சட்டம் விகாரை நிலங்களைப் பதிவு செய்தது. 1870இன் 4ஆம் இலக்கச் சட்டம் ஊழியத்தைப் பணமாக மாற்ற வழி செய்தது. குடியேற்ற ஆட்சி பழைய நிலப்பிரபுத்துவக் கொடையை ஏட்டில் ஏற்றுக்கொண்டது. வெள்ளையர் தேவாலயத்துக்கு உறுதி உண்டு. விகாரைக்குப் பதிவு உண்டு. செட்டிமாரின் நகரக் கோயிலுக்கு நன்கொடை நிலம் உண்டு. தோட்டக் கோயிலுக்கு மட்டும் எதுவும் இல்லை. 1983 யூலையில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இனவெறிக் கும்பலால் எரியூட்டப்பட்டது. பின்னர் அதே இடத்தில் அது மீண்டும் எழுந்தது. எரித்தவர்களால் கட்டடத்தை அழிக்க முடிந்தது; 1852ஆம் ஆண்டுக் கொடையை அழிக்க முடியவில்லை. லயத்தை விட்டு அகதிகளாக வெளியேறிய மலையகக் குடும்பங்களுக்குத் திரும்பிச் சென்று உரிமை கோர அப்படியோர் ஏடு இருக்கவில்லை.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியதையும் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களைப் பங்கிட்டதையும் வாசகர் அறிவர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. நிலவுடைமை மாறிற்று, உழைப்பாளிக்கும் நிலத்துக்குமுள்ள உறவு மாறவில்லை. முற்போக்கு இயக்கத்தினர் சிலர் அரசுடைமையைப் பொதுவுடைமையென மயங்கியதன் விளைவு இது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளாக வகுக்கப்பட்டு நெடுங்குத்தகைக்கு விடப்பட்டன. எல்கடுவ பிளான்டேசன்ஸ் என்ற பெயரிலமைந்த கம்பனி அரசின் வசமே எஞ்சியது. பிற கம்பனிகளின் தோட்டங்களில் 53 ஆண்டுக் குத்தகை. குத்தகைக்காரன் தானம் செய்ய முடியாது. சட்டத்தின் கண்ணில் அவன் உடைமையாளன் அல்லன். அரசோ தன்னை உடைமையாளன் எனக் கூறிக்கொண்டு குத்தகைக்காரனைக் காட்டுகின்றது.

2015ஐ அடுத்து, வீடமைப்புத் திட்டங்களோடு, குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியும் உறுதியும் வழங்கும் ஏற்பாடு தொடங்கியது. ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். ஒகையோவில் ஒரு நகரப் பிரிவிற் சமயத்துக்கென ஒதுக்கப்பட்ட 29ஆம் கூறு மட்டும், இக்கணக்கில், ஏறத்தாழ 14,600 குடும்பங்களுக்குப் போதும். இரு நூற்றாண்டு உழைப்புக்கு ஈடாக எண்ணப்படும் இவ்வளவிலும், வீட்டுக்குரிய துண்டே பேசப்படுகின்றது. கோயில் முற்றம், காமன் திடல், இடுகாடு முதலிய பொது நிலங்களுக்கு யார் பெயரில் உறுதி எழுதப்படும் என்பது தனியாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இத்துறையில் அடுத்துச் செய்யவேண்டிய பணி வெளிப்படை. சேர்ச் மிஷனரிச் சங்கத்தின் ஆவணங்கள் இங்கிலாந்தில் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திற் பேணப்படுகின்றன. உபதேசியார் பணி பற்றிய குறிப்புக்களை அவற்றிலே தேடவேண்டும். அவற்றினும் அவசரமானவை தோட்டக் கோயில்களின் வரவுசெலவுக் கொப்பிகள். எவரிடம் எவ்வளவு பிடிக்கப்பட்டது, எந்தத் துரை எந்த ஆண்டு எந்த மேட்டில் கட்ட அனுமதித்தார், எப்பொழுது இடம் மாற்றச் சொன்னார் என்ற செய்திகளுக்கு, தோட்டக் காரியாலயத்துக்கு வெளியே, வேறு ஏடு இருக்கப்போவதில்லை. அவை தலைவர்மார் வீட்டுத் தகரப் பெட்டிகளிற் செல்லரிக்கின்றன. கிளர்ச்சியாளர் அழிக்க விரும்பிய ஏடுகள் கச்சேரியில் இருந்தன. நாம் காப்பாற்ற வேண்டிய ஏடுகள் லயத்தில் இருக்கின்றன.